நந்திக்கடல் தரவையில் இருபது உகாய்க் கன்றுகள்

ஆவணியில் ஒரு சனிக்கிழமை வவுனியாவில் இருந்து வற்றாப்பளைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தேன். அங்குள்ள பேர்பெற்ற அம்மன் கோயிலுக்கு அல்ல. என் தங்கை தர்சினி தாவரவியல் படித்தவள். போன மாரியில் நந்திக்கடல் களப்பின் ஓரத்துத் தரவையில், அதாவது உப்பு படிந்த வெட்டவெளியில், இருபது உகாய்க் கன்றுகளை நட்டிருந்தாள். நான் போனபோது அவளுக்கு எட்டு மாதம். தூரப் பயணம் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மழையைக் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. கன்றுகள் இருக்கின்றனவா, செத்துவிட்டனவா என்று பார்த்துவர ஓர் ஆள் தேவைப்பட்டது. அகப்பட்டது நான்.

உகாய் என்பது குச்சியால் பல் தீட்டுவார்களே, அந்தப் பற்றை மரம். மன்னார்ப் பக்கம் போனால் காணலாம். முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்குத் தெரிய ஒரேயொரு பற்றைதான் நின்றது. வீதியை அகலமாக்கும்போது அதையும் தள்ளிவிட்டார்கள். தள்ளுவதற்கு முன் தர்சினி பொறுக்கிவந்த பழங்களில் முளைத்தவைதான் இந்த இருபதும். இவை போனால் அந்தக் கரையில் அந்த வம்சம் முடிந்தது.

என் தொழில் பம்பியும் குழாயும். தண்ணீர் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் படித்திருக்கிறேன். தண்ணீர் இல்லாமல் வாழ்கிற ஒன்றைப் பார்க்க நூற்றெண்பது கிலோமீட்டர் ஓடுவது எனக்கு விசர் வேலையாகத்தான் பட்டது. அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டேன். ஓமந்தை, புளியங்குளம் கடந்து மாங்குளம் வரை ஏ9 வீதி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நல்ல வீதி. மாங்குளம் சந்தியில் ஒரு பிளேன் ரீயும் இரண்டு வடையும் நூற்றைம்பது ரூபாய். வடை முதல்நாள் வடை. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளைக்கு இன்னும் நாற்பதுக்குச் சற்று மேல். மாடுகளுக்காக நாலு இடத்தில் நிற்க வேண்டிவந்தது. மாடுகளுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

முள்ளியவளையில் ஓர் ஓட்டோக்காரரிடம் வழி கேட்டேன்.

“கோயிலுக்கே தம்பி?”

“இல்லை அண்ணை, அங்கால தரவைக்கு.”

“அங்க இப்ப மாடே போகாது. நீர் என்னத்துக்குப் போறீர்?”

“மரம் பாக்க.”

அவர் என் ஹெல்மெட்டில் இருந்து சப்பாத்து வரை ஒருதரம் பார்த்தார். “இவ்வளவு மரத்தையும் தாண்டி வந்தோ?” என்றார். ஆனாலும் வழியைச் சரியாகத்தான் சொன்னார்.

எட்டு மணிக்குத் தரவையில் நின்றேன். களப்பு கரையை விட்டு வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. அது விட்டுப்போன சேறு காய்ந்து, வெடித்து, மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்குள்தான் உமரி என்ற உப்புச்செடி சிவந்து கிடந்தது. பச்சையாக நிற்கிற உமரி கோடையில் இப்படிச் சிவக்கும். உப்பைத் தன் தண்டுக் கணுக்களில் சேர்த்து வைத்து, கணு நிறைந்ததும் அதைக் காயவிட்டுக் கழற்றிவிடுகிறது. சற்றுத் தள்ளி நின்ற கண்ணா மரம் வேறு கணக்குப் போடுகிறது. உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. ஓர் இலையை நக்கிப் பார்த்தேன், உப்புத்தான். நீங்களும் போனால் நக்கிப் பாருங்கள், எவரும் பார்க்கமாட்டார்கள்.

உப்பு மண்ணில் தண்ணீர் இல்லை என்பதல்ல சிக்கல். இருக்கிற தண்ணீரை உப்பு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதைவிடப் பலமாக இழுக்கக்கூடிய வேர்தான் குடிக்கும். அப்படி இழுக்க, செடி தன் சாற்றையே உப்பாக்கிக்கொள்கிறது. இலையைச் சிறிதாக்கி, தடிப்பாக்கி, தண்ணீரை உள்ளே பூட்டிவைக்கிறது. உகாயும் இந்த வகைதான்; தேறிய உகாயின் இலையைக் கடித்தால் கடுகுபோல உறைக்கும். ஆனால் கன்றுக்கு இது பிறவியிலேயே முழுதாக வருவதில்லை. பழக வேண்டும்.

தர்சினி இரண்டு வரிசையாக நட்டிருந்தாள். தூரத்து வரிசையில் ஒன்பது. அதில் ஐந்து காய்ந்த குச்சி, நாலு உயிரோடு. சாண் உயரம்கூட இல்லை, இலை சின்னதாக, தோல்போல. பார்க்கப் பரிதாபம்தான். பாதையோரத்து வரிசையில் பதினொன்று. பதினொன்றும் முழங்கால் உயரத்தில், பச்சைப் பசேலென்று, கீரை மாதிரி மெல்லிய இலையோடு நின்றன. ஒன்றின் அடியைத் தொட்டேன். மண் ஈரம்.

யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

அந்த யாரோ, கையில் வாளியோடு வந்துகொண்டிருந்தார். பாதைக்கு அங்காலே வீடு. பெயர் செல்வராணி, நாற்பத்தைந்து வயதிருக்கும். நடும்போது தர்சினி இவரிடம், ஆடு வராமல் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவர் வேலி கட்டி ஆட்டையும் மறித்து, கிணறு உவர்ப்பாகிப் போனபிறகு பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணீரில் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிரட்டை ஊற்றியும் வந்திருக்கிறார்.

“கோயில்ல வைகாசிப் பொங்கல் முடிஞ்ச கையோட துவங்கினனான் தம்பி. இலையெல்லாம் சுருண்டு கிடந்துது. பாக்க ஏலாமப் போச்சு. அங்கால நிக்கிறதுகளுக்குக் கொண்டுபோகத் தண்ணி காணாது.”

பின்னால் வந்த அவருடைய கணவர் மணியம் அண்ணை, “எனக்கு முகம் கழுவ ஒரு செம்பு. உதுகளுக்கு ஆளுக்கொரு சிரட்டை. நானும் உந்த வரிசையில போய் நிக்கலாமோ எண்டு யோசிக்கிறன்” என்றார்.

“நிண்டா ஆடு மேயும்” என்றார் செல்வராணி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அக்கா, நீங்கள் ஊத்தினது பிழை. மேல தண்ணி கிடைச்சால் வேர் ஏன் கீழ போகும்? உந்த இலையைப் பாருங்கோ, ஒரு கிழமை தண்ணி இல்லாட்டி பதினொண்டும் செத்துப்போம்” என்றேன்.

செல்வராணியின் முகம் வாடிப்போனது. மணியம் அண்ணை மெல்ல, “தம்பி, அடுத்த கிழமையில இருந்து பவுசர் கிழமைக்கு ஒருக்காத்தான் வருமெண்டு சொல்லிப்போட்டாங்கள். எங்களுக்கே காணாது” என்றார்.

செல்வராணி வாளியைக் கீழே வைத்தார். “அப்ப நானே இதுகளைச் சாக்காட்டிப்போட்டனே?”

தர்சினிக்கு அழைப்பு எடுத்தேன். நடந்ததைச் சொன்னதும் அவள் முதலில் கேட்டது, “அவாட்ட என்ன சொன்னனீ?”

“உள்ளதைச் சொன்னன்.”

“எனக்குத் தெரியும் உன்ர உள்ளது. ஃபோனை அவாட்டக் குடு.”

பேசியைச் சத்தமாகப் போட்டுக் கொடுத்தேன். தர்சினி, “அக்கா, குடிக்கிற தண்ணியையோ ஊத்தினீங்கள்?” என்றாள். “நீங்கள் ஊத்தாட்டி இதிலயும் பாதி வைகாசியிலயே போயிருக்கும். இப்ப உடன நிப்பாட்டக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊத்துங்கோ, பிறகு ரெண்டு நாள் விட்டு. அடியில ஊத்தாதேங்கோ, ஒரு சாண் தள்ளி ஊத்துங்கோ, வேர் தேடிப் போகட்டும். பத்துச் சிரட்டைக்கு ஒரு சிரட்டை களப்புத் தண்ணி கலவுங்கோ. போகப் போகக் களப்புத் தண்ணியைக் கொஞ்சம் கூட்டுங்கோ.”

செல்வராணி யோசித்தார். “பால் மறக்கப் பண்ணுற மாதிரி எண்டு சொல்லுங்கோவன் பிள்ளை.”

“ஓம் அக்கா. அதேதான்.”

“உங்களுக்கு எத்தினை மாசம்?”

“எட்டு.”

“அப்ப இன்னும் காலம் கிடக்கு, அந்த வேலைக்கு” என்று சொல்லிச் சிரித்தார். தர்சினியும் சிரித்தது கேட்டது. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் கன்றைப் பற்றி ஒரு கதையும் இல்லை. தேசிக்காய், கால் வீக்கம், எந்தப் பக்கம் சரிந்து படுப்பது. என் பேசியில் பற்றரி குறைந்துகொண்டிருந்தது.

களப்பு வரை நடந்து ஒரு போத்தல் உப்புத்தண்ணீர் எடுத்துவந்தேன், போகவர அரை மணித்தியாலம். நல்ல தண்ணீரில் அளவாகக் கலந்து சிரட்டையை நீட்டியபோது செல்வராணி வாங்கவில்லை.

“முதல் நாள் நீங்கள் ஊத்துங்கோ தம்பி. என்ர பெடியனுக்கு மறக்கப் பண்ணேக்கையும் எனக்கு வேப்பெண்ணெய் பூச மனம் வரேல்லை. பக்கத்து வீட்டு மனிசிதான் பூசிவிட்டவ. அண்டு முழுக்க நான் குசினிக்குள்ள இருந்திட்டன்.”

சொல்லிவிட்டு அவர் வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மணியம் அண்ணையும் பகிடி விடவில்லை. பதினொரு கன்றுக்கும் ஒரு சாண் தள்ளி, ஒவ்வொன்றாக ஊற்றினேன். எந்த வேலையையும் நான் இவ்வளவு ஆறுதலாகச் செய்ததில்லை. முடிந்ததும், “குடிச்சிட்டுதுகளோ?” என்று திரும்பாமலே கேட்டார்.

“ஓம் அக்கா” என்றேன். அறிவியல்படி அதைச் சொல்ல அவ்வளவு சீக்கிரம் முடியாது. சொன்னேன்.

மதியம் முள்ளியவளையில் சோற்றுப் பார்சல் நானூறு ரூபாய், நண்டுக்குழம்புக்காகவே வாங்கலாம். பெட்ரோல் போகவர ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. நாலரைக்கு வீடு.

இதை எழுதும்போது ஏழு கிழமை கழிந்துவிட்டது. பாதையோரத்து வரிசையில் நாலு போய்விட்டன, ஏழு நிற்கின்றன. மெல்லிய இலையெல்லாம் கொட்டி, சின்னதாகத் தடித்த இலை வந்திருக்கிறது. தூரத்து நாலும் அப்படியே. செல்வராணி அக்கா வாரத்தில் ஒருநாள் தர்சினிக்குக் குரல் செய்தி அனுப்புவார். போன கிழமை வந்தது இது: “பிள்ளை, இப்ப நான் ஒண்டும் குடுக்கிறேல்லை. சும்மா போய்ப் பாத்திட்டு வாறன். இலையைக் கடிச்சுப் பாத்தன், உறைக்குது.” தர்சினி அதைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று தரம் கேட்டாள். நான் எண்ணவில்லை, பக்கத்தில் இருந்ததால் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு: ஆடி, ஆவணியில் போனால்தான் உமரி சிவந்திருப்பதைப் பார்க்கலாம். காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், பிறகு வெயில் நிற்கவிடாது. தடம் விழுந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம், போர் மண்ணுக்குள் எதைப் புதைத்துவிட்டுப் போனது என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். கன்றுகள் வாடியதுபோல்தான் நிற்கும், உங்களுக்கும் மனம் கேட்காது. ஊற்றாதீர்கள். மிச்சத் தண்ணீர் இருந்தால் பாதைக்கு அங்காலே உள்ள வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.