தொகாஷியின் துப்பாக்கி ஒழுக்கம்

எங்கள் ஊர் வேட்டைக் குழுவில் துப்பாக்கியைப் பற்றி அதிகம் பேசியவர் தொகாஷி. அதிகம் துடைத்தவரும் அவர்தான். மான் சுட்டது மட்டும் குறைவு. என் மாட்டுப்பண்ணைக்கு அடுத்த வீடு அவருடையது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டிலும் நடைமேடையில் நிற்பதுபோலத்தான் நிற்பார்.

ரைஃபிள் உரிமத்துக்காக அவர் பத்து வருஷம் சாதாரண வேட்டைத் துப்பாக்கியோடு காத்திருந்தார். சட்டம் அப்படி. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் காத்திருந்தோம், ஆனால் மலையுச்சியில் ஒற்றைக்காலில் தவம் செய்ததுபோல் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர் ஒருவர்தான். ரைஃபிள் கைக்கு வந்த பிறகு அவரோடு ஐந்து நிமிஷம் பேசுவதே தண்டனையாகிவிட்டது. குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் உடனே கொண்டுவந்தால் வியர்த்துத் துரு பிடிக்கும் என்பார். குழலைப் பின்பக்கமிருந்துதான் துடைக்க வேண்டும் என்பார். எல்லாம் சரிதான், யார் இல்லை என்றது? மாட்டுக்காரியான எனக்கே தெரியும்.

"ஃபுமியே, உன் துப்பாக்கியில வைக்கோல் வாசனை அடிக்குது. பொம்பளைங்க கையில குடுத்தா இப்படித்தான்."

"என் துப்பாக்கி மான் சுடுது தொகாஷி-சான். உங்களது எண்ணெய்தான் குடிக்குது."

குழு சிரிக்கும். அவருக்கு உறைக்காது. அந்தத் தோல் எருமைத்தோல்.

அவருடைய பெருமையெல்லாம் சுட்டுவிரலில் இருந்தது. வேட்டை முடிந்ததாக வாக்கி டாக்கியில் தகவல் வந்ததும் அவரவர் இடத்திலேயே தோட்டாவை எடுத்துவிட்டு வர வேண்டும். பிறகு வண்டியருகே கூடி, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று விரலால் சுட்டிக்காட்டி வாயால் சொல்ல வேண்டும். ரயில்காரர்கள் சமிக்ஞை விளக்கைப் பார்த்துச் செய்கிற அதே வழக்கம். எங்களில் பாதிப் பேர் அதைக் கூச்சத்தோடு முனகுவோம். தொகாஷி செய்தால் பனிக்காடே நிமிர்ந்து நிற்கும். தோட்டாக்கூட்டைக் கழற்றுவார், கை நேராக நீளும், வெள்ளைக் கையுறை பளிச்சிடும், "காலி! சரி!" என்று ஒரு முழக்கம். புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

நான் பார்த்தது வேறு. தோட்டாக்கூட்டைக் கழற்றினால் கூடுதான் காலி. அதற்கு முன்பே குழலுக்குள் ஏறிவிட்ட தோட்டா அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டைப் பின்னால் இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த மனிதர் போல்ட்டைத் தொடவே மாட்டார். விரல் துப்பாக்கியைக் காட்டும், கண் எங்களைப் பார்க்கும், யார் யார் வியக்கிறார்கள் என்று. இத்தனை வருஷம் ரயிலையும் இப்படித்தான் அனுப்பினாரோ?

குழுத் தலைவர் இவாபுச்சியிடம் சொன்னேன். "அவர போல்ட்டத் திறந்து காட்டச் சொல்லுங்க."

"ரயில்வே ஆளுக்கு நான் போயிச் சொல்லிக் குடுக்கவா? சும்மா இரும்மா, மனசு சங்கடப்படுவார்."

ஒரு ஆண்பிள்ளையின் மனசு சங்கடப்படக் கூடாது. அதற்காக அதே வண்டியில், அந்தக் குழல்முனைக்கு முன்னால், நாங்கள் அத்தனை பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வீடு திரும்ப வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு மாலை. வேட்டையிலிருந்து வந்து தொகாஷி தன் அறையில், அன்று சுட வாய்ப்பு கிடைக்காததால் ரைஃபிளின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியில் வைக்கும் முன் விசையை ஒருமுறை அழுத்திவிடுவது அவர் வழக்கம். உள்ளிருக்கும் சுருள்வில் இழுபட்டே கிடந்தால் தளர்ந்துவிடுமாம். காலி என்று நிச்சயமாகத் தெரிந்தால் யாரும் செய்கிற காரியம்தான். அவர் விரலை நீட்டினார், "காலி! சரி!" என்றார், சுவரைப் பார்த்துக் குழலை வைத்து அழுத்தினார்.

சுவருக்கு அந்தப்பக்கம் சமையலறை. அவர் மனைவி மிச்சியோ ஊறுகாய்த் தொட்டியில் பாரத்துக்கு வைத்திருந்த கல்லைத் தூக்கக் குனிந்திருந்தாள். செம்பு உறை போட்ட குண்டு அவள் முதுகுக்கு மேலே போய், எதிர்ச்சுவரோரம் நின்ற இன்னொரு மரத்தொட்டியைப் பிளந்தது. முள்ளங்கியும் ஹெர்ரிங் மீனும் உப்புத்தண்ணீரும் தரையெங்கும் ஓடின. அவள் ஒரு கணம் முன்பே நிமிர்ந்திருந்தால் நான் இதை இந்தத் தொனியில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

என் தொழுவம் வரை சத்தம் கேட்டது. மறுநாள் காலை தொகாஷி இனிப்புப் பெட்டி ஒன்றைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நேத்து இரைச்சலுக்கு மன்னிக்கணும். கூரைப் பனி மொத்தமாச் சரிஞ்சு விழுந்துடுச்சு."

"எங்க கூரையிலயும்தான் பனி சரியுது. அதுல வெடிமருந்து வாசனை வராதே?"

அவர் முகம் சுண்டியது. "யாராச்சும் கேட்டா பனின்னு சொல்லிடு. உரிமம் புதுப்பிக்கிற வருஷம் இது."

பெட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மதியம் இவாபுச்சி தொலைபேசியில் அழைத்தார். போலீஸ் வந்தால் குழு முழுக்க விசாரணைக்கு அலைய வேண்டும், பெரிய மனசு பண்ணு என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஊரில் ஆளுக்கொரு கரண்டியோடு நின்றார்கள்.

நானே போய்ச் சொல்லியிருப்பேன். மிச்சியோதான் தடுத்தாள். சில நாள் கழித்துப் பால் வாங்க வந்தவள் பாத்திரத்தை நீட்டாமல் தொழுவத்திலேயே நின்றாள். அடி கிடி பட்டதா என்று அவள் தோளையும் முதுகையும் தடவிப் பார்த்தேன். எலும்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இன்னும் தினம் சாயங்காலம் எடுத்துத் துடைக்கிறார் ஃபுமியே-சான். தினம் அந்த விசைய அழுத்துறார். நான் சமையல்கட்டுல குனிஞ்சேதான் நடக்கிறேன். என் வீட்டுல நானே திருடி மாதிரி."

"நான் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். கேட்டா என்கிட்டதான் கேப்பாங்க. போலீஸ் வர்ற அன்னிக்கு நீங்க பக்கத்துல இருங்க, போதும்."

கேட்பார்கள் என்பது உண்மைதான். புதுப்பிக்கும் வருஷம் போலீஸ் வீட்டுக்கு வந்து, குடிக்கிறாரா, சண்டை போடுகிறாரா என்று புருஷனை வெளியே அனுப்பிவிட்டு மனைவியைக் கேட்கும். இதற்கு முன் ஒவ்வொரு முறையும் மிச்சியோ, ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இந்த முறையும் அதையே சொன்னால் துப்பாக்கி அந்த வீட்டிலேயே இருக்கும், அவளும் குனிந்தே இருப்பாள்.

மார்ச்சில் நகாயா என்ற காவலர் வந்தார். நான் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தேன். காவலர் தொகாஷியை வெளியே போகச் சொன்னார். தொகாஷி நடையில் நின்றுகொண்டு இருமினார். அது அவளுக்கு எச்சரிக்கை. மிச்சியோ தேநீர் வைத்தாள், கூடவே ஒரு தட்டில் ஊறுகாயும்.

"வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நகாயா ஒரு துண்டை எடுத்தார்.

"பாத்து மெல்லுங்க. செம்புத் துண்டு ஏதாச்சும் இருக்கலாம்."

அவர் கை வாயருகே நின்றுவிட்டது. மிச்சியோ எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த பால் கூட்டுறவு நாட்காட்டியைக் கழற்றினாள். அதன் பின்னால் விரல் நுழைகிற ஓட்டை இருந்தது.

தொகாஷி உள்ளே பாய்ந்து வந்தார். "நான் முறைப்படி சொன்னேன்! காலின்னு சுட்டிக்காட்டிச் சொல்லிட்டுத்தான் அழுத்தினேன்!"

"உள்ள பாத்தீங்களா?" என்றார் நகாயா.

"சொன்னேன்ல!"

துப்பாக்கிப் பெட்டியின் சாவியை எடுக்கச் சொன்னார் நகாயா. அது இருக்கும் இடம் வீட்டாருக்குக்கூடத் தெரியக் கூடாது என்பது விதி, தனக்கு மட்டும்தான் தெரியும் என்று தொகாஷி நெஞ்சை நிமிர்த்தினார். மிச்சியோ நேராகப் போய் அவருடைய பழைய ரயில்வே தொப்பிக்குள்ளிருந்து அதை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

"பத்து வருஷம் காத்திருந்தேன் மிச்சியோ," என்றார் அவர். "இதுக்காகப் பத்து வருஷம்."

"அன்னிக்கு நான் தரையில கெடந்தேன். உப்புத்தண்ணியில முங்கிக் கெடந்தேன். இருக்கேனா செத்தேனான்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க எப்ப வந்து பாத்தீங்க?"

அவர் மேஜைமேலிருந்த சாவியைப் பார்த்தார்.

"துடைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பெட்டி பூட்டுற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் வந்தீங்க."

"சுட்ட துப்பாக்கியத் துடைக்காம வைக்கக் கூடாது," என்றார் தொகாஷி. "வெளிய போட்டுட்டு நகரவும் கூடாது. அதுதான் விதி." பிறகு ஆதரவு தேடி நகாயாவின் பக்கம் திரும்பினார். "அப்படித்தானே?"

நகாயா மிச்சியோவைப் பார்த்து, "உங்களுக்கு அடி ஏதும் பட்டுச்சாம்மா?" என்றார். அந்தக் கேள்வி தன் வீட்டுக்குள் அவள் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.