மிதியில் தங்கிய கால்

மலைக்காரி அழுதாளா என்று கேட்கிறாயே, அதுதான் இல்லை. சிரித்தாள். என் கொட்டகையில் அந்தத் தோல் மெஷின் மேல் கையைப் போட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்த பெண் மாதிரி அப்படி ஒரு வெட்கச் சிரிப்பு. எனக்கு முதுகில் சில்லென்று ஏறியது. நன்றாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். இப்படி நகர்ந்து உட்கார். வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கேள். பருப்பை வாயில் போடாதே, விதைக்கு வேண்டும்.

நீ இந்தத் தெருவுக்கு வந்தது போன பொங்கலுக்கு. எங்கள் கொட்டகையில் இரும்பாகக் கிடப்பதை மட்டும்தான் பார்த்திருப்பாய். என் வீட்டுக்காரர் தோல் தைக்கும் பழைய மெஷின்களை வாங்கிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகள் கழித்துப் போடுவது எல்லாம் இங்கேதான் வந்து இறங்கும். துணி தைக்கும் மெஷின் வெள்ளாடு என்றால் இது எருமை. நாலு பேர் பிடித்தால்தான் அசையும். ஊசியே ஆணி கனம், முனை கத்தி மாதிரித் தட்டையாக இருக்கும். எண்ணெய் போட, துடைக்க என்று பக்கத்தில் நின்று நின்று எனக்கும் கை பழகிவிட்டது. மெஷின் மேல் பொன் எழுத்தில் என்னவோ எழுதியிருப்பார்கள். எனக்கு எழுத்து தெரியாது. எந்த ஊர்க்காரன் செய்தது என்று கேட்டால் முழிப்பேன். எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேள், விரலை வைத்துச் சொல்லிவிடுவேன். அவர் போன பிறகும் மெஷின் வருவது நிற்கவில்லை. அவர்தான் ஒரு இருமல்கூட மிச்சம் வைக்காமல் போய்விட்டார்.

சரி, மலைக்காரிக்கு வருகிறேன். காவலூரில் நட்சத்திரம் பார்ப்பதற்கு வெள்ளை உருண்டைக் கூரை போட்ட கட்டடம் இருக்கிறதே, அதையும் தாண்டி உள்ளே அவர்கள் ஊர். சாமையும் புளியும்தான் பிழைப்பு. அவளும் அவள் மகனும் மெஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, கோணிப்பை போர்த்திக் கொண்டுவந்தார்கள். கோணியை எடுத்தேன். மெஷின் நெற்றியில் மஞ்சள், குங்குமம். கழுத்தில் வாடிப்போன கதம்பம். கற்பூரமும் பழைய எண்ணெயும் சேர்ந்து, சாவு விழுந்த வீட்டு வாசனை. என் நாய் வாசலோடு நின்றுவிட்டது. சோற்றைக் காட்டிக் கூப்பிட்டேன், கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை.

"யக்கா, இது ஓடணும்" என்றாள் மலைக்காரி.

"ஓட வெச்சிடலாம்மா. இன்னா ஆச்சி இதுக்கு?"

"ஒண்ணும் ஆவல. பூசையெல்லாம் ஒயுங்காத்தான் பண்றேன்."

"அந்தப் பூசையாலதான் ஆயா இப்பிடி ஆச்சி" என்றான் மகன் என்னிடம்.

அவள் அவனை முறைத்தாள். விஷயம் இதுதான். அவள் புருஷன் சாகிற நேரத்தில், "மெஷினுக்கு எண்ணெ வுட மறக்காத" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார். இவள் மறக்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை குளித்து, ஈரத் தலையோடு வந்து, எண்ணெய் ஓட்டைகளில் விளக்கெண்ணெயை ஊற்றியிருக்கிறாள். வெறும் எண்ணெய் போதாது என்று சிட்டிகை மஞ்சள். அதன் மேல் விபூதி. மெஷின் எண்ணெய் என்று கடையில் தனியாக விற்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. படையல் மாதிரி ஊற்றி ஊற்றி, உள்ளே பிசினாக இறுகி, ஊசி பாதி இறங்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது.

"இவன் இன்னாத்துக்கு ஓடணும்ன்றான் தெரியுமா? மாட்டு பெல்ட்டு தைக்கணுமாம்" என்றாள்.

மகன் விளக்கினான். எருது விடும் விழாவுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணிப்பட்டை. சுற்று வட்டாரத்தில் மாட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். "ஒரு தையலு வுட்டுப் போச்சின்னாலும் ஓடறப்போ அறுந்துடும் ஆயா. மணியெல்லாம் சனம் மேல பறக்கும். அதனால தையலு வுடாம வுழணும், எனக்கு அது போதும்."

"எனக்கு அது போதாது" என்றாள் அவள். மகனைப் போய் வண்டிக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு என் காதோரம் வந்தாள். "யக்கா, ஓடறப்போ அவரு சத்தம் வரணும். அது போய்ச்சின்னா எனக்கு இந்த இரும்பே வாணாம்."

என்ன சத்தம் என்று கேட்டேன். அவருக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிப் போய்விட்டதாம். வலது காலால் மட்டும் மிதிப்பார். அதனால் மெஷின் ஒரே சீராக ஓடாது. டக்... டடக். டக்... டடக். அவர் நடப்பதும் அதே தாளம். வீட்டுக்குள் இருந்து கேட்டால் ஆள் தைக்கிறாரா நடக்கிறாரா என்று தெரியாது என்றாள். சொல்லிவிட்டு, ஆள் இல்லாத கொட்டகை மூலையை ஒரு பார்வை பார்த்தாள். நானும் பார்த்துத் தொலைத்தேன்.

மெஷினை விட்டுவிட்டுப் போனார்கள். நான் மண்ணெண்ணெயில் துணி நனைத்து எல்லா ஓட்டைகளிலும் திணித்து, அடியில் தணல் சட்டி வைத்துச் சூடு காட்டினேன். மண்ணெண்ணெயையும் தணலையும் ஒன்றாக வைக்காதே என்று என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் கத்தியிருப்பார். சட்டியைத் தள்ளித்தான் வைத்தேன். கத்த ஆள் இல்லாவிட்டாலும் பழக்கம். பிசின் இளகி, மஞ்சளும் சாம்பலுமாகச் சொட்டுச் சொட்டாக வடிந்தது. ஒரு ஆளின் புண்ணைக் கழுவுகிற மாதிரி இருந்தது எனக்கு.

பொழுது சாயும் நேரம். ஆட்டைக் கட்டிவிட்டு வாசலில் விளக்கு போடுகிறேன். கொட்டகையிலிருந்து ஒரு சத்தம். டக்.

கொஞ்சம் பொறுத்து, டடக்.

போய்ப் பார்த்தேன். சக்கரம் அரைச் சுற்று திரும்பியிருந்தது. ஊசி மேலே ஏறி நின்றது. சரி, பிசின் விட்டுக்கொடுத்ததும் மிதியின் கனமான பக்கம் தானாக இறங்கியிருக்கும், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்து மிதியைத் தொட்டேன். இரும்புத் தட்டு, இடப்பக்கம் வார்ப்புக் கோலம் புதுசு போல் சொரசொரவென்று இருக்கிறது. வலப்பக்கம் மட்டும் ஒரு பாதம் அளவுக்கு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. இடப்பக்கம் சில்லென்று இருந்தது. வலப்பக்கம் வெதுவெதுப்பு. இப்போதுதான் ஒருவர் காலை எடுத்துவிட்டு எழுந்து போன மாதிரி.

நீ ஏன் இப்போது என் காலைப் பார்க்கிறாய்? கடலையைப் பார்த்து உரி.

மறுநாள் மெஷின் சக்கரத்தை ஓட்டுகிற பெல்ட்டைக் கழற்றித் தனியாக மாட்டி வைத்தேன். பெல்ட் இல்லாமல் சக்கரம் சுற்றாது அல்லவா? சுற்றவில்லைதான். ஆனால் பொழுது சாய்ந்ததும் மிதி மட்டும் அசைந்தது. டக்... டடக். ஆடு முட்டியிருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். ஆடு வெளியே கட்டின இடத்தில் காதை விறைத்துக்கொண்டு கொட்டகையையே பார்த்து நிற்கிறது. பயமா என்று கேட்காதே. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. டீ போடும்போது இரண்டு பேருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன், பார்த்துக்கொள்.

எல்லாம் துடைத்து, நல்ல எண்ணெய் போட்டு, மெழுகு நூல் கோத்து, கெட்டித் தோல் ஒன்றை வைத்து ஓட்டினேன். தையல் விட்டு விட்டு விழுந்தது. ஊசியை மாற்றினேன். நூலைத் தளர்த்தினேன், இறுக்கினேன். ஒன்றும் சரிப்படவில்லை. பிறகு சும்மா ஒரு எண்ணம் வந்தது. இடது காலை ஸ்டூலுக்கு அடியில் மடக்கிக்கொண்டு, வலது காலால் மட்டும் மிதித்தேன். தையல் ஒன்றுகூட விடவில்லை! முத்துக் கோத்த மாதிரி விழுந்தது. டக்... டடக் என்று அந்தத் தாளமும் வந்தது.

மலைக்காரி வந்து கேட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மகன் உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதித்தான். மறுபடியும் தையல் விட்டது.

உள்ளே கை விட்டுத் தடவினதும் விளங்கியது. அடித்தண்டு உட்காரும் இடத்தில் ஒரு பித்தளை வளையம் இருக்கும், புஷ் என்பார்கள். அது ஒரே பக்கமாகத் தேய்ந்து தண்டு ஆடுகிறது. ஒற்றைக் காலால் வெடுக்கென்று மிதித்தால் தண்டு ஒரு பக்கம் சாய்ந்து, நூலைப் பிடிக்கிற ஷட்டில் சரியாக ஊசியிடம் வந்து சேர்கிறது. சீராக மிதித்தால் ஊசியைத் தொடாமல் தள்ளிப் போகிறது. மெஷின் மொத்தமும் அந்த மனிதரின் காலுக்கு ஏற்ப வளைந்து கொடுத்திருக்கிறது. புது புஷ் போட்டால் தையல் விடாமல் விழும். ஆட்டம் போய்விடும். ஆட்டம் போனால் சத்தமும் போகும்.

அதை அவளிடம் மறைக்கவில்லை. அவள் மெஷினைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். மகன் தலையைக் குனிந்துகொண்டு, "உன் இஷ்டம்மா" என்றான்.

"போட்டுடு யக்கா" என்றாள். "செத்தவரு சோறு போடுவாரா?"

ஒடுகத்தூர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கி, நானே புஷ்ஷைத் தட்டி இறக்கினேன். மயிர் நுழையாது, அவ்வளவு இறுக்கம். அன்று சாயங்காலம் கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நிசப்தம் இருக்கிறதே, அதுதான் எனக்கு முதல் முறையாகப் பயமாக இருந்தது. ஆள் இங்கே இல்லை என்றால் வேறு எங்கே போனார்?

மலைக்கு நானும் வண்டியில் கூடப் போனேன். நல்ல காற்று, சாமைக் களி, அவரைக்காய்க் குழம்பு. களியில் உப்புதான் ஒரு கல் தூக்கல். மகன் உட்கார்ந்து ஓட்டினான். மழை பெய்கிற மாதிரி ஒரே சீராகச் சத்தம். தையல் நேர்கோடு. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் பின்னால் போய் உட்கார்ந்தேன். டீயை இறக்கி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வெளியே, டக்... டடக்.

டீ தரையில் வழிந்தது. இரண்டு பேரும் எழுந்து வந்தோம். மகன் தோலின் மேல் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறான். இடது கால் ஸ்டூலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. வலது கால் மட்டும் மிதிக்கிறது.

"டேய், ரெண்டு காலும் நல்லாத்தானடா கீது? ஏன் ஒத்தக் காலால மெதிக்கிற?" என்றேன்.

"நானா?" என்று குனிந்து பார்த்தான். யாருடைய காலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தான். "தெரீல ஆயா."

"வந்துட்டாரு" என்றாள் அவள், மெதுவாக. முகமெல்லாம் விளக்கு ஏற்றின மாதிரி ஆகிவிட்டது. எனக்கோ அந்தச் சத்தம் எங்கே இருந்து வந்தது என்பதுதான் புரியவில்லை. புஷ் இறுக்கம். ஆட வழியே இல்லை. வலது காலால் மிதித்தால் வேகம் கூடும், குறையும். அந்த டடக் எப்படி வரும்?

சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். அவளும் போனில், பெல்ட் நன்றாகப் போகிறது, சாயங்காலம் சத்தம் கேட்டுக்கொண்டே சமைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இன்று காலை கூப்பிட்டாள். குரலே வேறு.

"யக்கா, புள்ள புளியந்தோப்புக்குப் போறான். பின்னாலேர்ந்து பாக்குறேன். நடை அவரு நடை."

"கால்ல முள்ளு கிள்ளு குத்தியிருக்கும்மா."

"முள்ளு இல்ல. அவன் செருப்ப எடுத்துப் பாத்துட்டேன். வலது கால் செருப்பு மட்டும் தேஞ்சிக் கீது. இடது புச்சு மாதிரி அப்படியே கீது. கேட்டா, நான் ஒயுங்காத்தானம்மா நடக்கறேன்றான்." அடுத்த மூச்சிலேயே சொன்னாள். "அந்தப் பித்தளைய எடுத்துடு யக்கா. பயசயே போட்டுடு. தையலு வுட்டா வுடட்டும், பெல்ட்டும் வாணாம் ஒண்ணும் வாணாம். அந்தாளு மெஷின்லயே இருக்கட்டும். எம்புள்ள கால்ல வாணாம்."

சத்தம் போனால் இரும்பே வேண்டாம் என்றவள்தான். "அவரு வராமயே பூட்டாலும் பரவால்லயா?" என்று கேட்டேன்.

"பரவால்ல" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நல்ல வேளை, பழைய புஷ்ஷை இரும்புக் கடைக்குப் போடவில்லை. பால் பவுடர் டப்பாவில் ஆணிகளோடு போட்டிருந்தேன். காலையில் எடுத்தேன். துடைத்து வைத்ததுதான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் எடுத்தால் ஈரமாக எண்ணெய். மஞ்சள் நிறம். கற்பூர வாசனை. இதோ, மடியில்தான் முடிந்து வைத்திருக்கிறேன், தொட்டுப் பார்க்கிறாயா? வேண்டாமா? சரி, பயந்தாங்கொள்ளி. நாளைக்கு முதல் பஸ்ஸில் போய் மாட்டிவிட்டு வந்துவிடுவேன். ஆட்டுக்கு மட்டும் நீ தழை போட்டுவிடு. நாய்க்கும் கொஞ்சம் சோறு. இன்னும் அது வாசலோடுதான் நிற்கிறது, மெஷின் போன பிறகும். பார்த்தாயா, இப்போதும் என் மடியையே பார்த்து...

இரு. கேட்டாயா அதை? டக்... டடக் என்று?

அட, நம் தெருக் குழாய். உள்ளே காற்று முட்டுகிறது. தண்ணீர் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கடலையை அப்படியே மூடி வை, உன் குடத்தையும் எடுத்துக்கொண்டு ஓடி வா. எதிர்வரிசைக்காரி முந்திக்கொண்டால் பிறகு நமக்குச் சொட்டுக்கூட வராது.