குல்டூரும் என் அப்பாவும்

நர்சிங் முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தபோது பக்கத்து இருக்கையில் அவள் இருந்தாள். டவுன் பெண், அப்பா பள்ளி ஆசிரியர். எனக்கு ஊர் நிலக்கோட்டைப் பக்கம்; அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம். எட்டு மாதம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம்.

ஒருநாள் ஆசிரியை பலகையில் ‘குல்டூர்’ என்று எழுதினார். பண்பாடு என்று பொருள். நிலத்தை உழுது பேணுவதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாம். ஆங்கிலத்துக்கும் அப்படியே போய், முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியரின் இறுமாப்பைக் குத்திக்காட்டப் பயன்பட்டது என்றார்.

மத்தியானம் அவளிடம் சொன்னேன். “நம்ம பண்பாடும் அப்படித்தானடி. நிலத்தைப் பண்படுத்துறோம்ல? எங்கப்பா செடி வைக்கிறதுக்கு முன்னாடி மண்ணை அள்ளி மோந்து பாப்பாரு. இன்டர்வியூல இதைத்தான் சொல்லப்போறேன்.”

“அம்புட்டு அழகா இருக்குடி” என்றாள். நான் ஜெர்மனில் எழுதியதைத் திருத்திக் கொடுத்ததும் அவள்தான்.

ஜெர்மனியிலிருந்து ஒரு மருத்துவமனைக்காரர்கள் வீடியோவில் நேர்காணல் நடத்தினார்கள். முதலில் அவள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காத்திருந்தேன். ஜெர்மனியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். அவள் குல்டூர் என்று ஆரம்பித்தாள். உழவு, பண்பாடு, எல்லாமே நான் எழுதிய வாக்கியங்கள். கடைசியில், “என் அப்பா மண்ணை முகர்ந்து பார்ப்பார்” என்றாள். அவள் அப்பா வயலில் கால் வைத்ததே இல்லை.

எனக்கும் அதே கேள்வி. வேறெதுவும் வாயில் வரவில்லை, அதையே சொன்னேன். திரையில் இருந்த பெண்மணி புன்னகைத்தார். “மனப்பாடம் வேண்டாம். உங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்.” அதற்குப் பிறகு திக்கித் திணறினேன்.

அவள் தேர்வானாள். நான் ஆகவில்லை.

மாடிப்படியில் வைத்துக் கேட்டேன். “ஏண்டி, எங்கப்பாவையுமா எடுத்துக்கிட்ட?”

“பதட்டத்துல வேற எதுவும் ஞாபகம் வரலடி. ஒரு பதில்தானே? உனக்கு அடுத்த தடவை கிடைச்சிரும்.”

அப்பாவிடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். “விடு தாயி, பாத்துக்கலாம்” என்றார். காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவரை நானே யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டதுபோல.

அடுத்த வருடம் வேறொரு மருத்துவமனையில் இடம் கிடைத்து நானும் ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் அவள் இருக்கிறாள். “ஞாயித்துக்கிழமை வாடி, பிரியாணி போடுறேன்” என்று செய்தி அனுப்புகிறாள். டூட்டி இருக்கிறது என்று பதில் போடுகிறேன். போன ஞாயிறு எனக்கு விடுமுறைதான்.