எண்ணெய் ஸ்டியரிங்கும் மோட்டார் ஸ்டியரிங்கும்

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி காருக்குள் ஏறிய டெஸ்ட் டிரைவர் அண்ணனின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அடைக்கச் சொன்னது நான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், எண்ணூர்ச் சாலையை ஒட்டி, கார்களுக்கு ஸ்டியரிங் செய்து தரும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியராக இருந்தேன். வேகப் பிரியர்களுக்கென்று ஒரு சிறிய கார் வரவிருந்தது. அதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டியரிங்கை எடுத்துவிட்டு, மின்மோட்டார் உதவும் ஸ்டியரிங்கைப் பொருத்த வேண்டும். எந்த வேகத்தில் மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்ற கணக்கு முழுவதும் என்னுடையது. இரண்டு வருட உழைப்பு.

அண்ணன் ராயபுரத்துக்காரர். எங்களிடம் வருவதற்கு முன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டியவர். இரண்டு வகைக் காரையும் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்து சொன்னார்: “சார், திருப்ப ஷோக்கா கீது. ஆனா ரோடு இன்னா பண்ணுதுன்னு கைக்கு வரல. கையுறை போட்டுகினு மீன் வாங்குறமாரி கீது.”

எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் பம்பு போடும் சத்தத்தைக் கேட்டுத்தான் வித்தியாசம் சொல்கிறார் என்று முடிவுகட்டினேன். அதனால்தான் பஞ்சு. ஒரே நிறத்தில் இரண்டு கார்கள், ஆறு சுற்று. ஆறிலும் எது எண்ணெய், எது மோட்டார் என்று சரியாகச் சொன்னார். அப்போதும் அவர் கண்டுபிடிப்பது ஸ்டியரிங்கின் கனத்தைத்தான், சாலையை அல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவர் கருத்தை அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்தேன். மேனேஜர் அதைப் பென்சிலால் வட்டமிட்டார். “பெட்ரோல் மிச்சமாகுது, எண்ணெய் ஒழுகுற தொல்லை இல்ல. வாங்குறவங்க யாருப்பா இதையெல்லாம் கவனிக்கப் போறாங்க? இந்த வரி எதுக்கு?” அவர் சொன்ன லாபங்கள் எல்லாம் உண்மை. வரியை எடுத்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

ஐப்பசியின் முதல் மழை பெய்த மறுநாள் காலை. தொழிற்சாலைக்குப் பின்னால், முன்பு கண்டெய்னர்கள் அடுக்கிய சிமென்ட் மைதானத்தில்தான் எங்கள் சோதனைகள் நடக்கும். துறைமுகத்திலிருந்து காற்றில் வந்து படிந்த நிலக்கரித் தூள் மழையில் கறுப்புக் குழம்பாகிக் கிடந்தது. மோட்டார் ஸ்டியரிங் காரை அன்று நானே ஓட்டுகிறேன் என்றேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு சுற்று நன்றாகவே போனது. மூன்றாவதில் வளைவை வேகமாக எடுத்தேன். ஸ்டியரிங் எப்போதும்போல மெத்தென்று சுழன்றது. கார் போதுமான அளவு திரும்பவில்லை என்று இன்னும் திருப்பினேன்.

“முன்வீல் போச்சு சார்! திருப்பாத, திருப்பாத!”

முன்சக்கரங்கள் பிடிப்பிழந்து வழுக்குவது டயரின் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைகளுக்கு எதுவும் தெரியவில்லை. கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. எனக்குக் கீறல்கூட இல்லை. முன்னால் ஊன்றிய அண்ணனின் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மருத்துவமனை வராந்தாவில், கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவரிடம் அவருடைய வரியை நீக்கியதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “எட்த்துட்டியா?” என்று மட்டும் கேட்டார். கட்டைப் பார்த்துக்கொண்டே, “கை கூடிக்கும் சார். அத்த திரும்ப எழுதுவியா?” என்றார்.

அன்றே எழுதினேன். முதலில் அவர் சொன்னது, அடுத்து விபத்து, அதற்கடுத்து என் கணக்கில் இருந்த தவறு. மேனேஜர் பல வாரம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த அறிக்கையை அவரால் ஒதுக்க முடியவில்லை. கார் வெளிவருவது தள்ளிப்போனது. மோட்டாரின் உதவியைக் குறைத்து, சக்கரத்தின் இழுப்பு கைக்குத் தெரியும்படி கணக்கைத் திருத்திக்கொண்டே இருந்தோம். அண்ணன் திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தார். “இப்போ கொஞ்சம் வருது சார். எண்ணெய் வண்டிமாரி முழுசா வரல.”

இன்று ஷோரூமில் எண்ணெய் ஸ்டியரிங் வேண்டும் என்று கேட்பவர் யாருமில்லை. நான் ஓட்டுவதும் மோட்டார் ஸ்டியரிங் கார்தான். எண்ணெய்க்கும் மோட்டாருக்குமான போட்டி இப்படி முடியும் என்று அன்று எனக்குத் தெரியாது. அண்ணன் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு, இறுதி அறிக்கையில் மோட்டாரின் குறைகளை அவர் பெயரோடு எழுதினேன். ஓர் ஓட்டுநரின் பெயர் எங்கள் அறிக்கையில் வருவது அதுதான் முதல்முறை. கேன்டீனில் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“ஒண்ணு வுட்டுட்ட சார்.”

“என்ன அண்ணே?”

“நேத்து இந்த ஒடிஞ்சி கூடுன கையோட ரெண்டு வண்டியயும் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துனேன். எண்ணெய் வண்டில கை நோவுது. மோட்டார் வண்டில நோவல. அத்தயும் போடு. என் பேர் போட்டா ரெண்டும் இருக்கணும்.”

பேனாவை எடுத்து, அவர் எதிரிலேயே எழுதினேன்.