பதினாறாம் நாள் எண்ணெய்

கோவில்பட்டி சந்தையை ஒட்டிய வடைக்கடையில் மற்றவர்கள் தட்டைப் பார்ப்பார்கள். உச்சிமாகாளி சட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். ஆறிப்போன எண்ணெயில் சுண்டுவிரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார். "கருகல் கூடிப்போச்சு அண்ணாச்சி. இன்னும் ரெண்டு ஈடு போட்டீங்கன்னா திங்கிறவன் வயிறு என்னத்துக்காகும்? எங்கிட்டக் கொடுங்க, என் எஞ்சின் செரிச்சுக்கிடும்" என்பார். வாடிக்கையாளர் காதில் இது விழுந்து தொலைக்குமோ என்ற பயத்தில் கடைக்காரர் டின்னை அவசரமாக நீட்டிவிடுவார்.

உச்சிமாகாளிக்கு ஐம்பது வயதிருக்கும். ஐந்து குதிரைச் சக்தி டீசல் எஞ்சின் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, கழுகுமலைச் சாலையோரத்து ஊர்களில் கிணறு கிணறாகத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. சட்டை, துண்டு, தலைமுடி எல்லாவற்றிலும் பலகார வாசனை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காருகிறவருக்குச் சாப்பிட்டு வந்திருந்தாலும் பசிக்கும்.

டீசல் தட்டுப்பாட்டில் பங்க்குகளில் காலி டின்கள் வரிசை கட்டிய நாட்களில்தான், பலகார எண்ணெயை டீசலாக்கும் இந்த வேலையை ஆரம்பித்தார். இளவயதில் சோப்புக் கம்பெனியில் காஸ்டிக் சோடா கிண்டிய கை. எண்ணெயைச் சுடவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, காஸ்டிக் சோடா கரைத்த ஸ்பிரிட்டை ஊற்றிக் கலக்கி வைப்பார். அந்த நேரம் யாராவது பீடியை எடுத்தால் தீர்ந்தது. "பத்த வச்சுராதேயும்வே, ரெண்டு பேரும் சேந்தே போயிருவோம்!" மறுநாள் டிரம்மில் எண்ணெய் இரண்டாகப் பிரிந்து நிற்கும். "மேல நிக்கிறது எஞ்சினுக்கு, கீழ நிக்கிற சளி எனக்கு" என்று அடியில் தங்கியதைக் கை கழுவ வைத்துக்கொள்வார். தொடக்கத்தில் ஒருமுறை தண்ணீர் கலந்த எண்ணெயைப் போட்டு, எல்லாம் சோப்பாகி, எஞ்சின் குழாயே அடைத்துக்கொண்டது. "அதுவும் பாவம், ஒரு நாளாச்சும் குளிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்" என்பார், சிரிக்காமல்.

யார் வீட்டு எண்ணெயையும் வாங்குவார், எழவு வீட்டு எண்ணெயைத் தவிர. இந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் வரை எண்ணெய்ச்சட்டி அடுப்பேறாது. அன்றைக்குத்தான் சட்டி வைத்து வடை சுட்டுப் பங்காளிகள் சாப்பிடுவார்கள். மிஞ்சிய எண்ணெய் மறுபடி வீட்டுக்குள் போகக் கூடாது; ஊருக்கு வெளியே உடைமுள் மரத்தடியில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். எஞ்சினுக்குச் சொல்ல வருகிற, வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் முதலில் கேட்பதும் இதைத்தான்: "எழவு எண்ணெய் ஏதும் ஊத்தலையேவே?" அவர் எஞ்சினைத் தொட்டுச் சத்தியம் செய்வார். அந்தச் சத்தியத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

போன தை மாதம் பரமசிவன் பாம்பு கடித்து இறந்தான். எனக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. அவனும் மனைவி ஆவுடைத்தாயும் கரிசலில் ஒரு ஏக்கர் மிளகாய் நட்டிருந்தார்கள். மழை கார்த்திகையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. செடி பூவும் பிஞ்சுமாகத் தலை தொங்கிக் கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது; இறைக்க டீசல் வாங்கக் காசு இல்லை. கடலை எண்ணெய் விலை ஏறிப்போனதால் கோவில்பட்டிக் கடைக்காரர்களும் சட்டியை வழித்து வீட்டுக்குத் தாளிக்கக் கொண்டுபோனார்கள். உச்சிமாகாளி நான்கு நாள் அலைந்து, காலி டின்னோடு பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பந்தி முடிந்தது. பரமசிவனின் அண்ணன் நல்லக்கண்ணு மிச்ச எண்ணெயைக் கொட்டுவதற்காகத் தூக்கினார். அரை டின்னுக்கு மேலேயே இருந்தது. அப்போது கதவுக்கு உள்ளேயிருந்து ஆவுடைத்தாய் கேட்டாள்.

"உச்சி அண்ணாச்சி, அந்த எண்ணெய் ஒங்க எஞ்சினுக்கு ஆகுமா?"

நல்லக்கண்ணு வெடித்தார். "ஏ புள்ள, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? எழவு எண்ணெயில பயிருக்குத் தண்ணி பாச்சுவாகளா?"

"மனுசனே போயாச்சு அத்தான். அவிய நட்ட செடியும் போகணுமா? அவியளுக்குச் சுட்ட வடை எண்ணெய்தான? அவிய செடிக்கு ஒரு தண்ணி கொண்டாந்துட்டுப் போகட்டுமே."

உச்சிமாகாளி தம் காலி டின்னைப் பார்த்தார். அவர் என்ன கணக்குப் போட்டாரோ, எனக்குத் தெரியாது. எழுந்துபோய் நல்லக்கண்ணுவின் கையிலிருந்த டின்னைப் பிடித்தார். "கொடுங்க அண்ணாச்சி. பாவம் எதுவும் உண்டும்னா எனக்கு வரட்டும்."

அதற்கு மூன்றாம் நாள் காலை எஞ்சின் கிணற்று மேட்டில் ஏறியது. மடை திருப்ப ஊரில் ஒரு ஆள் வரவில்லை. பேனா பிடித்தே பழகிய நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி எடுத்தேன். எடுத்த எடுப்பில் ஒரு வரப்பை உடைத்துத் தொலைத்தேன். "எழுதுத வேலைன்னு நெனச்சீங்களா?" என்று உச்சிமாகாளி எஞ்சின் பக்கத்திலிருந்தே சத்தம் போட்டார்.

பாதி வயல் நனைந்திருக்கும்போது வன்னியபெருமாள் வந்தார். அடுத்த முறை அவருடைய கிணற்றுக்குத்தான். புகையை ஒரு பார்வை, டின்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம கெணத்துக்கு வர வேண்டாம்வே. வேற எஞ்சினுக்குச் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றார் உச்சிமாகாளி.

சிறிது நேரத்தில் எஞ்சின் திக்கித் திணறி நின்றுவிட்டது. எழவு எண்ணெய் பயிருக்கு ஆகாது என்று ஊர் சொன்னது பலித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அவர் குழாயைக் கழற்றி, ஊதி, துணியை மாற்றி, மறுபடி கைப்பிடியைச் சுற்றினார். நாலு சுற்று, ஐந்து சுற்று. பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் மறுபடி தண்ணீர் வந்தது. வெயில் சாயும் நேரத்தில் கடைசிப் பாத்தியும் நிறைந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் அந்தக் கடைசிப் பாத்தியில் இறங்கினார். குனிந்து ஒரு கை கரிசல் சேற்றை அள்ளினார். கை கழுவவில்லை, வண்டி பூட்டவில்லை. விறுவிறுவென்று ஊருக்குள் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். புருசனை இழந்தவள் வீட்டில் அடைந்திருக்க வேண்டிய நாட்கள் ஆவுடைத்தாய்க்கு இன்னும் முடியவில்லை. வயலைப் பார்க்க அவளால் வர முடியாது.

வாசலில் நின்று, "தாயி" என்று கூப்பிட்டார். கதவு கொஞ்சமாகத் திறந்தது. நீண்ட கையில் அந்த ஈரச் சேற்றை வைத்து, அவள் விரல்களைத் தம் இரண்டு கைகளாலும் மூடினார்.