இரண்டு கோப்பை இலைக்கஞ்சி

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எனக்கு இரும்பு இதயம் என்றொரு பேச்சு உண்டு. பரப்பியவர் என் கணவர். ரூ பஜோல் தெருவில் கோயிலுக்குப் போய்வரும்போதெல்லாம் மரக்கறிக் கடை வாசலில் நின்று, நஞ்சைக் குடித்துவிட்டுக் கோப்பையையும் கழுவி வைத்தவள் என்று என்னைக் காட்டிச் சொல்வார். நான் கீரைக்கட்டுப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன்.

ஊரில் கடைசி யுத்தம் நடந்த 2009இல் அவருடைய நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கு தவறியது. இரவு பகலாகச் செய்தி பார்த்தே வந்த வருத்தம் அது. "அந்த வருசம் எங்கடை ஆக்களிலை ஆருக்கு ஒழுங்காத் துடிச்சது?" என்று டாக்டரிடமே கேட்டார். டாக்டருக்குத் தமிழ் தெரியாததால் ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்.

இவர் குளிசையை விழுங்குவார், ஆனால் நம்பமாட்டார். மருந்தென்றால் பச்சையாக இருக்க வேண்டும், கசக்க வேண்டும். ஞாயிறு காலைகளில் இலைக்கஞ்சி காய்ச்சுவது அவர்தான். லா சப்பலில் வாங்கிய வல்லாரை, முருங்கையிலை, குறிஞ்சா எல்லாவற்றையும் அரைத்து, பச்சரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பார். அந்தக் கசப்பு எனக்கு அறவே பிடிக்காது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அதை மட்டும்தான் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொல்லியாகிவிட்டது.

புறநகரான ஸ்தேனில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறம், முன்பிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு செடி தானாக முளைக்கும். ஆளுயரத் தண்டு, அதில் விரலில் மாட்டக்கூடிய ஊதாக் குழல் பூக்கள், உள்ளே புள்ளிகள். பறித்துப் பிள்ளையார் படத்துக்கு வைப்பேன். அதன் பெயர் டிஜித்தால் என்று பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு அம்மா வேலிக்கு மேலால் சொன்னார். இவருடைய குளிசையும் இந்தச் செடியின் குடும்பத்திலிருந்து வந்ததுதான், ஆனால் செடி நஞ்சு, வாயில் வைத்துவிடாதீர்கள் என்றார். முதல் பாதியை இவர் பத்திரமாக எடுத்துக்கொண்டார். மறுபாதியை வெள்ளைக்காரரின் பயம் என்று தள்ளிவிட்டார்.

"பெட்டிக்குள்ளை அடைச்சு வாறதை விட இலை திறமல்லோ," என்றார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ," என்றேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை கடைக்குக் குறிஞ்சா வரவில்லை. மறுநாள் கஞ்சி வழக்கத்தைவிடக் கசந்தது. ஒரு வாய் வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு," என்றேன்.

தொலைபேசி அடித்தது. அவர் எழுந்து போனதும் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, என் கோப்பைக் கஞ்சி முழுவதையும் அவருடைய பெரிய கோப்பையில் ஊற்றினேன். திரும்பி வந்தவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

மத்தியானம் வாந்தி தொடங்கியது. சுவரெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். ஓடிப்போய்ப் பின்புறம் பார்த்தேன். டிஜித்தாலின் அடியில் பாதி இலைகளைக் காணோம்.

"என்னத்தைப் போட்டனீங்கள்?"

"குறிஞ்சா இல்லையெண்டு கொஞ்சம்..."

அம்புலன்ஸில் அவரைக் கிடத்தினார்கள். அவரோ தன் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டே வந்தார்.

"நீரும் குடிச்சனீர். உம்மைச் சாகக் கொடுக்கப் போறனே," என்று அழுதார்.

குடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். குடிக்காத கஞ்சி எங்கே போனது என்றும் சொல்ல வேண்டிவரும். "எனக்கு ஒண்டுமில்லை," என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

ஆசுப்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அங்கிருந்த பெண் டாக்டரிடம் சொன்னேன்: அவர் இரண்டு கோப்பை, நான் ஒன்றுமில்லை. அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். பாவமன்னிப்பு இவ்வளவு சுருக்கமாக முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர் பிழைத்து வந்தார். கையுறை போட்டுச் செடியை வேரோடு பிடுங்கினேன். அவருக்கு இப்போது வேறு குளிசை. காலையில் அதை விழுங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். ஒருநாளும் தவறியதில்லை.

"ஒழுங்காத்தான் அடிக்குது. இரும்பு," என்பார்.

"ஓம்," என்பேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் கையை நீட்டுகிறேன்.