பதினோராவது சுவிட்சின் பச்சை விளக்கு

இருபத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.

கேபிள் காண்டிராக்டர் முகம்மது கனி எனக்குத் தர வேண்டியிருந்த கூலி அது. ஒன்பது வாரத்துப் பாக்கி. இதில் ஒரு ரூபாய் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கீழே எழுதியிருப்பதும் அப்படித்தான். போன ஜூலை மாதம், குற்றாலத்தில் ஒரு லாட்ஜில், நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. லாட்ஜின் பேரை மட்டும் எழுதவில்லை. இன்னும் அங்கே ஆட்கள் தங்குகிறார்கள்.

என் பேர் நம்பிராஜன். ஊர் மேலகரம். வயது ஐம்பத்தொன்று. சுவரில் துளை போட்டு, குழாய் அடித்து, கம்ப்யூட்டர் கேபிள் இழுப்பது என் வேலை. அந்த மாதம் நான் நடந்தேதான் வேலைக்குப் போனேன். தவணை கட்டவில்லை என்று பைனான்ஸ்காரர்கள் என் மொபெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் ஏலம். மொபெட் இல்லாத கேபிள்காரனை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? துளை மிஷினையும் கேபிள் பெட்டியையும் தலையிலா சுமப்பது?

கனி பாயிடம் கேட்டால் ஒரே பதில்தான்.

"லாட்ஜ்காரன் பில் பாஸ் பண்ணணும்லா அண்ணாச்சி. லாக் போனாத்தான் காசுங்கான்."

லாக் என்ன எழவு என்று எனக்கும் அப்போதுதான் தெரியும். சுவிட்ச் என்றால் லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. இருபத்து நான்கு ஓட்டை உள்ள ஒரு இரும்புப் பெட்டி. ஓட்டைக்குப் போர்ட் என்று பேர். போர்ட்டில் கேபிள் சேர்ந்தால் பச்சை விளக்கு எரியும். பிடுங்கினால் அணையும். எந்தப் போர்ட்டில் எத்தனை மணிக்குச் சேர்ந்தது, எத்தனை மணிக்குப் பிரிந்தது என்று பெட்டி தானாகவே ஒரு வரி எழுதும். அதுதான் லாக். அந்த வரிகள் உடனுக்குடன் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பாதுகாப்புக் கம்பெனியில் ராவும் பகலும் திரையைப் பார்த்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எவனாவது கள்ளத்தனமாகக் கேபிள் சொருகினால் கண்டுபிடிக்கத்தான்.

லாட்ஜில் பதினோரு சுவிட்ச். பத்தின் வரிகள் சென்னைக்குப் போய்விட்டன. பின் பிளாக்கில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பதினோராவது மட்டும் போகவில்லை. மூன்று நாளாகப் போகவில்லை. பதிமூணாம் தேதி மத்தியானம் கனி பாய் வந்து லேப்டாப்பை அந்தப் பெட்டியில் மாட்டி என்னவோ தட்டினார். "ராத்திரி வரும் பாருங்க" என்றார். போய்விட்டார்.

ராத்திரிதான் சோதிக்க முடியும். சீசன் நேரம். பகலில் இன்டர்நெட் நின்றால் குளிக்க வந்த கூட்டம் மேனேஜரைக் குளிப்பாட்டிவிடும். அதனால் ஒரு மணிக்கு மேல் நாலு மணிக்குள் என்று சொல்லியிருந்தார்கள்.

ஜூலை பதினாலு. ராத்திரி மணி 1:35. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டில் வாட்ச்மேன் நமசிவாயம் ரெஜிஸ்டரை நீட்டினார். திருவேங்கடத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நான் எழுத்துப் படித்தது நாற்பது வயதுக்கு மேல். கையெழுத்துப் போட நேரம் ஆகும்.

"என்னவே, பத்திரமா எழுதுதீரு?" என்றார் நமசிவாயம்.

"உம்ம சொத்தை எம்பேருக்கு மாத்துதேன்" என்று சொல்லிவிட்டுப் பின் பிளாக்குக்கு நடந்தேன்.

1:48. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து போனேன். சுவரில் ஒரு அலுமினிய ஏணி சாய்ந்திருந்தது. மத்தியானம் அது அங்கே இல்லை. எவனோ வைத்திருப்பான் என்று நினைத்துத் தள்ளி வைத்தேன். கை ஈரமானது. ஏணி முழுக்கத் தண்ணீர். சொட்டுகிறது.

மேலே கூரை. சாரல் உள்ளே வர வழியே இல்லை.

எனக்கு அதையெல்லாம் யோசிக்கிற மனநிலை இல்லை. சென்னைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பக்கம் ஜுஹைனா என்ற பெண். கடையநல்லூர்ப் பிள்ளை. மூன்று ராத்திரி பேசிப் பேசிப் பழகிவிட்டது.

"ஏதாவது ஒரு கேபிளப் புடுங்கிட்டுத் திரும்பச் சொருவுங்க அண்ணாச்சி. 'டவுன்'னு ஒரு வரி, 'அப்'னு ஒரு வரி இங்க வரணும்."

1:56. ஐந்தாம் போர்ட். பிடுங்கினேன். சொருகினேன். டிக்.

"வந்துருச்சாம்மா?"

"வரல அண்ணாச்சி."

1:59. ஏழாம் போர்ட். டிக்.

"வந்துருச்சாம்மா?"

"ம்ஹூம்."

2:03. பன்னிரண்டு. டிக்.

"வந்துருச்சாம்மா?"

"இல்லையே..."

அந்தப் பெட்டியைப் பிடுங்கி அருவியில் எறிந்துவிடலாம் போல இருந்தது. ஒன்பது வாரம் சுவர் ஏறியவன் நான். கூலி கொடுப்பதா வேண்டாமா என்று இந்த இரும்புப் பெட்டி முடிவு செய்கிறது. மறுபடியும் ஐந்தைப் பிடுங்கி ஓங்கிச் சொருகினேன்.

2:07.

"அண்ணாச்சி! வந்துருச்சு! போர்ட் பதினேழு டவுன். பதினேழு அப்."

"பதினேழா? நான் தொட்டது அஞ்சும்மா."

"இங்க பதினேழுன்னுதான் வருது. சுவிட்ச் பதினொண்ணு. ஆனா மணி தப்பு. ரெண்டு இருவத்து மூணுங்குது. தேதி சரி, ஜூலை பதினாலு. வருசம் போன வருசம்."

"கனி பாய் கடியாரம் வைக்க மறந்திருப்பாரு. அவருக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?"

டார்ச்சைப் பதினேழில் அடித்தேன். அதில் கேபிளே இல்லை. வெறும் ஓட்டை. உள்ளே தூசி.

டிக்.

நான் எதையும் தொடவில்லை.

"இன்னொண்ணு வந்துருச்சு அண்ணாச்சி. பதினேழு."

2:11. ஐந்தை ஒரு தடவை பிடுங்கிச் சொருகினேன். பதினேழு ஒரு தடவை வந்தது. இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவை வந்தது.

மூன்று தடவை செய்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மூன்று.

"வெளையாடுதீங்களா அண்ணாச்சி? எல்லா வரியிலயும் ஒரே மணி. ரெண்டு இருவத்து மூணு. நகரவே மாட்டேங்குது."

"எனக்கு வெளையாடுத வயசாம்மா இது?"

2:16. கையை எடுத்துவிட்டேன். வெறும் ஓட்டைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது...

2:18. ஒரு வாடை. கருகின ரப்பர் வாடை.

2:20. முதுகுக்குப் பின்னால்...

கிரீச்.

ஏணி. ஒரு படி.

கிரீச்... அடுத்த படி.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

கிரீச்...

2:23. கரண்ட் போனது.

பெட்டியில் எல்லா விளக்கும் செத்தன. ஒன்றைத் தவிர.

பதினேழு.

பச்சை.

போனில் ஜுஹைனா. சலிப்பான குரல்.

"பதினேழு அப். வந்துருச்சுன்னுதான் சொல்லுதேன்லா அண்ணாச்சி? எத்தன தடவ கேப்பீங்க?"

"நான்... ஒண்ணும் கேக்கலையேம்மா."



"பின்ன யாரு அங்கன 'வந்துருச்சாம்மா, வந்துருச்சாம்மா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க?"

ஓடினேன்.

செருப்பு எங்கே விழுந்ததோ தெரியாது. பையையும் எடுக்கவில்லை. கேட்டில் வந்து விழுந்தேன். மணி 2:26.

நமசிவாயம் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

"எங்கவே மத்தவரு?"

"எந்த மத்தவரு?"

"உம்ம பின்னாலயே ஏணியத் தூக்கிட்டு வந்தாருல்லா. தொப்பலா நனைஞ்சு போயி. கையெழுத்துப் போடும்னேன். கைநாட்டு வச்சிட்டுப் போனாரு."

ரெஜிஸ்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். என் பேர். பக்கத்தில் நமசிவாயத்தின் எழுத்தில், 'ஆள்: 2'. என் கையெழுத்துக்குக் கீழே ஒரு கைநாட்டு. தண்ணீரில் மை பரவியிருந்தது. விரல் ரேகையின் நடுவில் சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு.

நான் ஒற்றை ஆளாகத்தான் உள்ளே போனேன்.

விடியும்வரை கேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். காலை 10:30-க்குக் கனி பாய் வந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. எல்லாக் கேபிளும் வந்து சேருகிற மெயின் ரூமுக்கு நேரே போனார். பின் பிளாக்கின் லாக் வெளியே போக ஒரே ஒரு கேபிள்தான். மெயின் ரூமில் அது பெரிய சுவிட்சில் சொருகியிருக்க வேண்டும். அது சொருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. டேப்புக்கு மேலே சிலந்தி வலை.

மூன்று நாளாக லாக் ஏன் போகவில்லை என்று இப்போது தெரிந்தது. அந்த நுனியை ஒரு தரம் வந்து பார்க்கக் கனி பாய்க்கு நேரமில்லை. அதற்குத்தான் மூன்று ராத்திரி நான் அங்கே நின்று பிடுங்கிச் சொருகினேன்.

ஆனால் அந்தப் பதினேழின் வரிகள்? அவை எந்த வழியாகச் சென்னைக்குப் போயின?

டேப்பைப் பிரித்துக் கேபிளைச் சொருகினோம். 10:52-க்குப் பதினோராவது சுவிட்ச் ஒழுங்காகச் சென்னையில் தெரிந்தது. தேதியும் வருடமும் சரி. பிறகு இரண்டு பேருமாகப் பின் பிளாக்குக்குப் போனோம். ஏணி இல்லை. பதினேழில் கேபிள் இல்லை. விளக்கு மட்டும் பச்சையாக, ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.

கனி பாய் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன வருசம் வேற காண்டிராக்டர் அண்ணாச்சி. அவனோட ஆளு ஒருத்தரு. குத்தாலிங்கம்னு பேரு, அச்சன்புதூரு. இதே எடம், இதே லாக் வேல. அலுமினிய ஏணி, மேல போன கரண்டு வயர்ல பட்டு ஆளு அந்த எடத்துலயே போயிட்டாரு. ஜூலை பதினாலு. ராத்திரி ரெண்டு இருவத்து மூணுன்னு போலீஸ் பேப்பர்லயே இருக்கு."

"ஏன் பாய் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னாப் போயிருப்பீங்களா?"

போயிருப்பேன். வெள்ளிக்கிழமை ஏலம். தெரிந்திருந்தாலும் போய்த்தான் நின்றிருப்பேன். என் எரிச்சல் எல்லாம் அதில்தான்.

வியாழக்கிழமை பில் பாஸானது. கனி பாய் இருபத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பதையும் எண்ணிக் கொடுத்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"மேனேஜர் ரெஜிஸ்டரப் பாத்து அன்னைக்கு ராத்திரிக்கு ரெண்டு ஆள் கூலி போட்டுருக்காரு. ஆயிரத்து நூறு கூட வந்திருக்கு. அத நான் வச்சிக்..."

"அது உம்ம காசா? கொண்டாரும் இங்க."

வெள்ளிக்கிழமை மொபெட்டை மீட்டேன். நேராக அச்சன்புதூருக்கு விட்டேன். குத்தாலிங்கத்தின் மனைவி முத்துவடிவு மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். ராத்திரி நடந்ததைச் சொல்லவில்லை.

"எம்புட்டு?" என்றார்.

"ஆயிரத்து நூறு."

சுற்றுவதை நிறுத்தினார். எழுந்து உள்ளே போய் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வந்தார். பழைய காண்டிராக்டர் எழுதியது. 'ஒரு இரவுக் கூலி பாக்கி, ரூ. 1,100.' கீழே கைநாட்டு. ரேகையின் நடுவில் சாய்வாக ஒரு தழும்பு.

"இது அவுக சாவுறதுக்கு முந்தின ராத்திரிக் கூலி. லாக் வரல, வேல முடியல, வந்தாத்தான் காசுன்னு எழுதிக் குடுத்துட்டான்" என்றார். "வந்துருமா, வந்துருமான்னு கேட்டுக்கிட்டேதான் வீட்ட விட்டுப் போனாவ."

பணத்தை வாங்கி எண்ணினார். சீட்டை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டார். கிளம்பும்போது என் போனில் மணி பார்த்தேன். 4:40.

5:05-க்கு ஜுஹைனா கூப்பிட்டது.

"அண்ணாச்சி, அந்தப் பதினேழு மூணு நாளா அப்லயே இருந்துச்சுல்லா? இப்ப டவுன் ஆயிருச்சு. யாரும் கை வச்சீங்களா?"

"எத்தன மணிக்கும்மா?"

"நாலு நாப்பது."

"அப் வந்துச்சா?"

"இல்ல."

இன்றுவரை வரவில்லை.